ஹைபிரிட் காரில் 48,000 கிலோமீட்டர்: சிக்னலில் லாபம், சேலம் சாலையில் சுமார்

கோவையில் இந்த வண்டியை வாங்கி இரண்டரை ஆண்டு ஆகிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு கம்பெனிச் சண்டையில் போய் நிற்கும். 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், கூடவே ஒரு மின்மோட்டார். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்கும் பழைய கணக்குதான் என்னுடையது. வண்டியின் திரை மைலேஜை எப்போதும் லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டராவது கூட்டித்தான் காட்டுகிறது.

ஊருக்குள் லிட்டருக்கு 24 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் 20. தலைகீழாக எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போது என்ஜின் பெரும்பாலும் அணைந்தே இருக்கிறது. பச்சை விழுந்ததும் மோட்டார்தான் வண்டியை உருட்டுகிறது. பிரேக்கில் கால் வைத்தால், சூடாகி வீணாக வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்புகிறது. சேலம் சாலையில் இந்த மூன்றுக்கும் அதிகம் வேலையில்லை. அங்கே கைகொடுப்பது அட்கின்சன் முறை என்ஜின் மட்டுமே: காற்று நுழையும் வால்வு தாமதமாக மூடுவதால் அமுக்கம் குறைவு, விரிவு அதிகம், எரிந்த பெட்ரோலிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கிறது. என்ஜினின் இழுக்கும் பலம் சற்றுக் குறையும். அதை மோட்டார் ஈடுகட்டுகிறது.

குன்னூரிலிருந்து முதல் தடவை இறங்கியபோது பயந்துவிட்டேன். சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே பேட்டரி நிரம்பிவிட்டது. ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்லை, ஆனால் என்ஜின் உறுமத் தொடங்கியது. ஏதோ கெட்டுவிட்டது என்று ஓரம் கட்டினேன். பிறகுதான் புரிந்தது: பேட்டரியின் கொள்ளளவு வீட்டு மின்கணக்கில் ஒரு யூனிட்கூட இல்லை; மேட்டுப்பாளையம் வரையிலான இறக்கம் தருவதோ அதைப்போலப் பல மடங்கு. மிஞ்சியதைச் செலவழிக்க, பெட்ரோல் இல்லாமல் என்ஜினை வெறுமனே சுழற்றுகிறது வண்டி. இப்போது அந்தச் சத்தம் கேட்டால் மனைவி, "நிரம்பிவிட்டதா?" என்று மட்டும் கேட்கிறாள்.

டிக்கி சிறியது. பேட்டரி பாதி இடத்தை விழுங்கிவிட்டதால் பெரிய பெட்டி ஒன்று எப்போதும் பின் இருக்கையில்தான் பயணம் செய்கிறது. பெரும்பாலும் நெடுஞ்சாலையிலேயே ஓடுபவர் ஹைபிரிட்டுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம் என்பேன்.

போன மாதச் சர்வீசில் மெக்கானிக் முன் சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடைக் காட்டினார். இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. என் பழைய காரில் இதற்குள் ஒரு செட் மாற்றியிருந்தேன்.