அபராதத்தைக் கட்டுவதா, வழக்காடுவதா?

போக்குவரத்து அபராதச் சீட்டு வந்ததும் பணத்தைக் கட்டிவிடுவது அலைச்சலற்ற வழிதான். ஆனால் பல நாடுகளில் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே பதிவாகி, ஓட்டுநர் உரிமத்தில் மீறலுக்கு மீறல் ஏறும் தண்டப் புள்ளிகளாகவும் காப்பீட்டுக் கட்டண உயர்வாகவும் பின்தொடரக்கூடும்.

வழக்காடினால், குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் அரசுத் தரப்பைச் சாரும். கெடுவுக்குள் மறுப்பைத் தெரிவித்து, வேகம் அளந்த கருவியின் சோதனைச் சான்று, ஒளிப்படம், அதிகாரியின் குறிப்பு ஆகியவற்றின் நகல்களைக் கேட்டுப் பெற்றால், அவற்றை வைத்தே விசாரணையில் அந்த அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். சீட்டில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலே வழக்கு தள்ளுபடியாகும் என்று நம்பிச் செல்வது வீண். சிறு பிழைகளைத் திருத்திக்கொள்ள நீதிமன்றங்கள் பொதுவாக அனுமதிக்கின்றன. நம் பக்கச் சான்று வலுவாக இருந்தாலோ உரிமமே பறிபோகும் நிலை இருந்தாலோ வழக்காடுவதே தகும் என்பேன். தோற்றால் நீதிமன்றச் செலவும் சேரலாம். குறித்த நாளில் ஆஜராகாவிட்டால் நம் தரப்பைக் கேளாமலே தீர்ப்பும் வரலாம்.