ஏழு வருசம், மூணு ஃபோர்க்: இட்டேரியில ஓட்டிக் கத்துக்கிட்டது

எங்க அப்பிச்சி ஓட்டின ராடு பிரேக் சைக்கிள் இன்னும் சாளைத் திண்ணையோரமா நிக்குது. போன மாசம் அதோட பின் ரிம்மைக் கழட்டி, என் 29 இஞ்ச் வண்டி ரிம்முக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். அப்பிச்சி வண்டி ரிம்முதான் பெருசு! அதுக்குப் பேரு 28 இஞ்ச், ஆனா டயர் உக்காருற இடத்துல அளந்தா 635 மிமீ. 29-க்கு 622 மிமீதான், ரோடு சைக்கிள்ல 700சி-ன்னு சொல்ற அதே ரிம். மலை வண்டி டயர் தடிமனா இருக்கறதால வெளி விட்டம் 29 இஞ்சை ஒட்டி வந்துருது, அவ்வளவுதான். "பெரிய சக்கரம் இப்பத்தானுங்க வந்துருக்கு"ன்னு ஒரு கடைக்காரர் என்கிட்ட வித்தப்ப இது தெரிஞ்சிருந்தா திண்ணையைக் காட்டியிருப்பேன்.

நான் ஓட்டறது ஈரோடு, திருப்பூர் பக்கம், சென்னிமலை, அரச்சலூர், காங்கயம், ஊதியூர் சுத்துவட்டாரத்துல. காட்டுக்குள்ள போறதில்லைங்க. சத்தியமங்கலம் 2013-லயே புலிகள் காப்பகம் ஆயிருச்சு, வனத்துறை அனுமதியில்லாம ரிசர்வ் காட்டுத் தடத்துல சைக்கிளை விடறதும் தப்பு. எனக்கு ரெண்டு பக்கமும் வேலி வெச்ச மண் தடமான இட்டேரி போதும், மேய்ச்சல் கொரங்காட்டு ஓரம் போதும், கீழ்பவானி வாய்க்கால் கரை போதும். சென்னிமலை 1320 படியையும் இந்த ஃபோர்க் (முன் சக்கரத்தைப் புடிச்சு, அமுங்கி அடி வாங்கற சஸ்பென்ஷன் கவை) இறங்குமான்னு பசங்க கேப்பாங்க. செருப்பைக் கழட்டிட்டு ஏறுற படியில சைக்கிளை எறக்கறதா?

முதல் வண்டி 2018-ல வாங்கினது. 26 இஞ்ச் சக்கரம், உள்ள இரும்பு ஸ்பிரிங் வெச்ச ஃபோர்க், ட்ராவல் (அமுங்கற தூரம்) 100 மிமீன்னு ஸ்டிக்கர். நான் 78 கிலோ. அந்த ஸ்பிரிங் பாதிக்கு மேல அமுங்கினதா எனக்கு ஞாபகமே இல்லை, அமுங்கினா அதே வேகத்துல மேல எத்தி விடும். எடை மட்டும் ரெண்டரைக் கிலோ. மேல நீலத் திருகு ஒண்ணு இருக்கும், ப்ரீலோடுன்னு பேரு. "அதைத் திருகிக் கெட்டியாக்கிக்குங்க மச்சான்"னு எங்க மச்சினன் சொல்லுவான், நானும் ரெண்டு வருசம் திருகிக்கிட்டே இருந்தேன். அது ஸ்பிரிங்கோட கெட்டித்தன்மையை மாத்தவே மாத்தாது. ஸ்பிரிங்கை ஆரம்பத்துலயே கொஞ்சம் அமுக்கி வெக்குது, வண்டி முன்னாடி எவ்வளவு தாழ்ந்து நிக்குதுங்கறது மட்டும்தான் மாறும். நம்ம எடைக்கு ஒத்து வரலைன்னா ஸ்பிரிங்கையே மாத்தணும், அந்த விலை ஃபோர்க்குக்கு வேற ஸ்பிரிங் கடையில கிடைக்காது.

அடுத்ததுதான் என்னோட பெரிய முட்டாள்தனம். 2020-ல அதே சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு), ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்து அடைச்ச 140 மிமீ காத்து ஃபோர்க் ஒண்ணைப் பழசா வாங்கிப் போட்டேன். என் வண்டித் தலைக்குழாய் நேர்க்குழாய், அதுக்குள்ள நுழையற ஃபோர்க் தண்டு ஒண்ணே கால் இஞ்சுக்கும் கொஞ்சம் கம்மி. இப்ப வர்ற நல்ல ஃபோர்க்குல பெரும்பாலும் கீழ அகலமாகி ஒன்றரை இஞ்ச் வர்ற டேப்பர் தண்டு, அது இதுல நுழையாது. நேர்த்தண்டு தேடித் தேடிக் கடைசில 140-ல ஒண்ணு ஆப்டுச்சு. ட்ராவல் கூடினா நல்லதுதானேன்னு நெனைச்சேன். 40 மிமீ முன்னாடி தூக்கினா தலைக்கோணம் ஏறத்தாழ ரெண்டு டிகிரி சாயுது. வண்டி மல்லாந்து உக்காந்த மாதிரி ஆயிருச்சு. இறங்கறப்ப ராஜா, ஏறறப்ப முன் சக்கரம் மண்ணுல ஒட்டாது. ஊதியூர்க் கரட்டு அடிவாரத்து ஏத்தத்துல முன் சக்கரம் எந்திரிச்சு, வேலிக் கிளுவையில போய் விழுந்தேன். முழங்கையில முள்ளு எடுக்க எங்க அம்மிணி அரை மணி நேரம் ஆக்கினா, பேசினது ஒரு மணி நேரம். 100-க்குன்னு வரைஞ்ச சட்டத்துக்கு மிஞ்சிப்போனா 120 போடலாம். 140 போட்டா தலைக்குழாய் வெல்டிங்குக்கும் அதிக வலி, உத்தரவாதமும் போயிரும். பாதி விலைக்கு வித்தேன்.

2021 கடைசில முழு வண்டியையே மாத்தினேன். பின்னாடி சஸ்பென்ஷன் இல்லாத 29, முன்னாடி 120 மிமீ காத்து ஃபோர்க், குழாய் 34 மிமீ, 15 மிமீ ஆக்சில். இதுலதான் இப்ப வரைக்கும்.

சக்கரத்தைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி நம்ம தரையைச் சொல்லணும். மழை பேஞ்ச ஈரத்துல மாடுக நடந்து போன இட்டேரி, பத்து நாள் வெயில்ல காஞ்சா சுட்ட செங்கல் மாதிரி ஆயிரும். அடிக்கு ஒரு குளம்படிக் குழி. நடுவுல வெங்கச்சாங்கல்லு நட்டுக்கிட்டு நிக்கும். 15 கிமீ வேகத்துல போனாக்கூட நொடிக்குப் பத்துக்கு மேல அடி விழுகும். 26 சக்கரம் ஒவ்வொரு குழியிலயும் இறங்கி ஏறும். 29 அதுக மேல பாலம் போட்ட மாதிரி உருண்டு போயிருது. டயரோட சேத்து அளந்தா என் பழைய சக்கரத்துக்கும் இதுக்கும் விட்டத்துல 7 செமீதான் வித்தியாசம், ஆனா கல்லுல மோதுற கோணம் தணிஞ்சு போறதை மணிக்கட்டு உணருது. இந்தத் தரைக்கு அந்த 7 செமீ, ட்ராவல்ல கூடுதலா வர்ற 20 மிமீயை விட எனக்குப் பிரயோஜனம். 27.5-ங்கறது நடுவுல இருக்கற மாதிரி பேரு வெச்சிருக்காங்களே ஒழிய, ரிம் அளவுல அது 584, அதாவது 26-ஐ (559) ஒட்டித்தான் இருக்கு.

எது வேகம்னு சண்டை போடறவங்களுக்கு ஒண்ணு. 2012 லண்டன் ஒலிம்பிக் மலை சைக்கிள் போட்டியில குல்ஹாவி 29-ல தங்கம் வாங்கினார், ஷூர்ட்டர் 27.5-ல வெள்ளி. வித்தியாசம் ஒரே விநாடி. அந்த ஒரு விநாடியை வெச்சு நான் வண்டி வாங்க மாட்டேன்.

சக்கரம் சரி, ஃபோர்க்குக்கு வருவோம். காத்து ஃபோர்க்ல முதல் வேலை சேக் பாக்கறது. முழு சாமானோட ஏறி நின்னா எவ்வளவு தாழுது, அதைக் குழாய்ல இருக்கற ரப்பர் வளையம் காட்டும். 120-க்கு 24-லிருந்து 30 மிமீ வரைக்கும் வெச்சுக்கலாம், எனக்கு 26. அதுக்குக் காத்து 80 பிஎஸ்ஐ. ஷாக் பம்பை மாட்டினா கொஞ்சம் காத்து பம்புக் குழாய்க்குள்ள போயிரும், அளவு குறைச்சலாத்தான் காட்டும். ஃபோர்க் கசியுதுன்னு பதறி முதல் மாசம் பூரா நானே கசிய விட்டுக்கிட்டு இருந்தேன்.

ஆனா என்னை ஒரு வருசம் ஏமாத்தினது ரீபவுண்டுங்க, அதாவது அமுங்கின ஃபோர்க் திரும்பி மேல வர்ற வேகம். குளம்படி இட்டேரியில கை வலி தாங்கல. ஃபோர்க் கெட்டியா இருக்குன்னு காத்தைக் குறைச்சேன், 75, 70, 65. குறைக்கக் குறைக்க இன்னும் கெட்டி! அப்பறம்தான் வெளங்குச்சு. ரீபவுண்டை நான் மெதுவாத் திரும்பற மாதிரி வெச்சிருந்தேன், வீட்டு முற்றத்துல அமுக்கிப் பாக்கறப்ப அது பட்டு மாதிரி இருந்துச்சு, அதனால. நொடிக்குப் பத்து அடி விழற இடத்துல, ஒரு அடி வாங்கி ஃபோர்க் மேல வர்றதுக்குள்ள அடுத்த அடி விழுது. ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயி, கடைசில அமுங்க இடமே இல்லாம நிக்குது. அமுங்க இடமில்லாத ஃபோர்க் கெட்டியாத்தானே இருக்கும். காத்தை மறுபடி 80 ஆக்கி, சிவப்பு ரீபவுண்டுத் திருகை, வேகமாத் திரும்பறதுக்கு முயல் படம் போட்ட பக்கமா மூணு கிளிக் திருப்பினேன். அன்னிக்கு அரச்சலூர்ல இருந்து திரும்பி வந்து, டீ டம்ளரை ஒத்தைக் கையில புடிச்சேன்.

வாய்க்கால் கரைக்கு மட்டும் ரெண்டு கிளிக் மெதுவாக்கிக்குவேன். அங்க ஒண்ணு ரெண்டு பெரிய பள்ளம்தான், வேகமாத் திரும்பினா எத்தி விட்டுரும்.

அப்பறம் புழுதி. வெளிநாட்டுக்காரங்க எழுதறதெல்லாம் சேறைப் பத்தித்தான். நமக்குச் சித்திரையில மாவு மாதிரி செம்மண், ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அதையே தூக்கி மூஞ்சியில அடிக்கும். ஃபோர்க் குழாய்ல எண்ணெய்ப் பசை இருக்கற இடமெல்லாம் அது ஒட்டிக்கும், ரப்பர் சீலுக்கு உள்ள பூந்து குழாயைத் தேய்க்கும். ஐம்பது மணி நேரத்துக்கு ஒருக்கா கீழ்க்கால் சர்வீஸ் (ஃபோர்க்கோட கீழ்ப்பாகத்தைக் கழட்டி எண்ணெய் மாத்தறது)னு புத்தகத்துல போட்டிருக்கான். நான் கோடையில நாப்பதுல கழட்டிருவேன். முதல் தடவை வடிஞ்ச எண்ணெய் டீத்தூள் டிகாக்‌ஷன் மாதிரி இருந்துச்சு.

அந்த வேலையை நானே செய்யறதுக்கு ஒரு காரணம் உண்டு. மோட்டார் சைக்கிள் மெக்கானிக் ஒருத்தர்கிட்ட முதல்ல குடுத்தேன், பேரு வேண்டாம், வண்டி வேலையில கெட்டிக்காரர்தான். "ஏனுங்ணா, இத்தனூண்டு எண்ணெய் பத்துமா?"ன்னு பைக்குக்கு ஊத்தற கணக்குல ஊத்திட்டார். கீழ்க்காலுக்கு வேண்டியது வெறும் வழவழப்புக்கு, சில மில்லிதான். உள்ள இருக்க வேண்டிய காத்துக்கு இடமில்லாமப் போயி ஃபோர்க் பாதியில நின்னுருச்சு, ஒரு வாரத்துல சீல் வழியா எண்ணெய் பிதுங்குச்சு. இப்ப மாட்டு மருந்துக் கடையில வாங்கின சிரிஞ்சுல, ஃபோர்க் புத்தகத்துல போட்ட மில்லிக் கணக்குக்கு அளந்து விடறேன். போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி ரப்பர் சுத்தியில ஒரு தட்டு, கீழ்க்கால் உருவி வந்துரும். காத்தை முழுசா எறக்கிட்டுத் தொடுங்க, அது மட்டும் மறக்காதீங்க.

டயர் ட்யூப்லெஸ் தவிர வேற பேச்சே இல்லை. கிளுவை, வெள்வேலம், சீமைக் கருவேலம்னு மூணு முள்ளும் இருக்கற ஊர்ல ட்யூப் போட்டுப் போறவங்க பங்சர் ஒட்டத்தான் போறாங்க. ஓட்டையை அடைக்க உள்ள ஊத்தற பால் (சீலன்ட்) இந்த வெயிலுக்கு ரெண்டு மூணு மாசத்துல காஞ்சிரும்.

எல்லாருக்கும் 29-ன்னு சொல்ல மாட்டேன். எங்க அம்மிணி அஞ்சடி ஒரு இஞ்ச். என் மச்சினன் பேச்சைக் கேட்டு 29-ல சின்னச் சட்டம் வாங்கிக் குடுத்தோம். நிக்கறப்ப கால் எட்டல, வளைவுல ஷூ முனை முன் டயர்ல இடிக்குது. மாத்தி 27.5, 100 மிமீ எடுத்தோம். இட்டேரி முடுக்குல என்னை விட லேசாத் திருப்பறா. 50 கிலோவுக்கு 55 பிஎஸ்ஐ, அவ்வளவு கம்மியா வெக்க முடியறதாலதான் அவளுக்குக் காத்து ஃபோர்க். பழைய இரும்பு ஸ்பிரிங்ல அவ உக்காந்தா அது அசையவே அசையாது.

என் ஃபோர்க்குக்கு இப்ப நாலாவது வருசம். குழாய்ல ஒரு நகக்கீறல் விழுந்துச்சு, நெயில் பாலிஷ் வெச்சு வழவழன்னு தேய்ச்சுட்டேன், எண்ணெய் கசியல. புதுசா வந்திருக்கறது கிறீச் சத்தம். முன் பிரேக் புடிச்சா ஃபோர்க் தலையில, தண்டு அழுத்திச் சொருகியிருக்கற இடத்துல இருந்து வருது. விரிசல் இருக்கான்னு கழட்டி வெளக்கு வெச்சுப் பார்த்தாச்சு, இல்லை. அந்த மூட்டைச் சரி பண்ண முடியாது, மேல்பாகத்தையே மாத்தணும். அது புது ஃபோர்க்குல பாதி விலை. மாசம் ஒருக்கா வெளக்கு வெச்சுப் பாத்துக்கிட்டு ஓட்டறேன். இட்டேரி நாய்களுக்கு மட்டும் என் சத்தம் தூரத்துலயே தெரிஞ்சிருது, திரும்பறதுக்குள்ள எந்திரிச்சு நிக்குதுக.