சேலத்தில் ஸ்கூபா ரெகுலேட்டருக்குக் கழுத்து மாலை வாங்கியவர்கள் கவனிக்கவும்

சேலத்தில் டைவிங் சாமான் விற்கும் ஒரு கடையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் அங்கே வாங்கிய அதே சாமானோடு இன்னும் சிலர் கடலில் இறங்கிக்கொண்டிருப்பார்கள் என்ற பயத்தில்தான் இந்தப் பதிவு.

டைவிங் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலிண்டர் காற்றை மூச்சாக இழுக்க உதவுவது ரெகுலேட்டர். வாயில் ஒன்று, மாற்றுக்கு ஒன்று இருக்கும். மாற்று ரெகுலேட்டரைச் சும்மா தொங்கவிட்டால் மணலில் இழுபடும், அவசரத்தில் கைக்கு அகப்படாது. அதனால் இரண்டு மீட்டர் நீள ஹோஸ் (காற்றுக் குழாய்) வைத்து டைவ் செய்பவர்கள் அதை எலாஸ்டிக் மாலையில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். மோவாய்க்குக் கீழேயே நிற்கும். கூட வருபவருக்குக் காற்று தீர்ந்தால், நம் வாயில் இருப்பதை அவரிடம் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து மாற்று ரெகுலேட்டரைக் கவ்விக்கொள்ளலாம். கைகூடத் தேவையில்லை. ஃப்ளோரிடாவின் நீரடிக் குகைகளில் டைவ் செய்தவர்களிடமிருந்து பரவிய முறை இது.

புது மவுத்பீஸ் (ரெகுலேட்டரில் பல்லால் கவ்வும் ரப்பர் முனை) மாட்டி, மாலையும் கோத்துத் தருவதற்கு 1,800 ரூபாய் வாங்கினார் கடைக்காரர். "இம்போர்ட்டட் சிலிக்கான் தம்பி, ஆயுசுக்கும் வரும்" என்றார். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

புதுச்சேரிக்குக் கிளம்பும் முன் இங்கேயே ஒரு நீச்சல் குளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் முட்டி போட்டுப் பழகிப் பார்த்தேன். குனிந்து கவ்வினேன். பல்லில் சிக்கியது வெறும் ரப்பர் மவுத்பீஸ். ரெகுலேட்டர் அதிலிருந்து உருவிக்கொண்டு இடுப்புப் பக்கம் போய்விட்டது. மூச்சை இழுத்தால் தண்ணீர்தான் வந்தது. எழுந்து நின்றேன், சரியாகிவிட்டது. 18 மீட்டர் ஆழத்தில், வாயில் இருந்ததை நண்பருக்குக் கொடுத்துவிட்ட நேரத்தில் இது நடந்திருந்தால்?

மவுத்பீஸின் கழுத்தைச் சுற்றி ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதில் கேபிள் டை (இழுத்து இறுக்கும் பிளாஸ்டிக் பட்டை) போட்டு இறுக்கினால்தான் மவுத்பீஸ் ரெகுலேட்டரில் நிற்கும். அந்தப் பள்ளம் காலியாக இருந்தது. ஒன்றிரண்டு ரூபாய் கேபிள் டை! மாலையையும் இழுத்துப் பார்த்தேன். மேலெல்லாம் பொடிப்பொடியாக வெடிப்பு. சிலிக்கானும் இல்லை ஒன்றும் இல்லை, வெயிலில் கிடந்து பதம் கெட்ட ரப்பர்.

மறுநாள் கடைக்குப் போனேன். "அண்ணா, கேபிள் டையே போடலையே?" என்று கேட்டேன். "இழுத்தா கழண்டு வரணும் தம்பி, அதுக்குத்தான் அப்படி வச்சது. வெளிநாட்டுலயே அப்படித்தான்" என்றார்.

பாதி உண்மையைச் சொல்லி விற்கும் இந்தப் பேச்சுதான் எனக்கு ஆறவில்லை. இழுத்தால் கழன்று வரும் மாலைகள் உண்டுதான். ஆனால் அவற்றில் மாலையின் வளையத்திலிருந்து மவுத்பீஸ் உருவிக்கொண்டு வரும். மவுத்பீஸும் ரெகுலேட்டரும் எப்போதும் சேர்ந்தே வரவேண்டும். அவர் தந்ததில் மவுத்பீஸ் மாலையோடு தங்கிவிட்டது.

நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு கல்லூரிப் பையனின் மஞ்சள் ஆக்டோபஸை (அடுத்தவருக்குக் கொடுக்க வைத்திருக்கும் மாற்று ரெகுலேட்டர்) அவிழாத முடிச்சாகக் கழுத்துக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார். மஞ்சள் நிறமே காற்றில்லாதவன் கண்ணில் படத்தான். அவன் பதற்றத்தில் அதைத்தான் பிடித்து இழுப்பான், ஒரே இழுப்பில் அது அவன் கைக்குப் போகவேண்டும். முடிச்சுப் போட்டுக் கழுத்தில் கட்டினால் இழுபடுவது நம் கழுத்து. ஆக்டோபஸைக் கொடுக்கும் வழக்கமா, வாயில் இருப்பதைக் கொடுக்கும் வழக்கமா என்று அந்தப் பையனிடம் ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. நான்தான் தனியாகக் கூப்பிட்டு, "கிளிப்பில் மாட்டுப்பா, இது வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினேன். கடைக்காரர் முகம் சுளித்தார். பரவாயில்லை.

கடலிலிருந்து சாலை வழியே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர் நம்முடையது. விவரம் கேட்க ஆள் குறைவு, கடைக்காரர் சொல்வதே வேதம். அதைத்தான் அவர் காசாக்குகிறார். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று கையை விரித்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவும் அந்தத் துண்டுச் சீட்டும் பத்திரமாக இருக்கின்றன.

சேலத்தில் இப்படி மாலை மாட்டி வாங்கியிருந்தால், மவுத்பீஸ் பள்ளத்தில் கேபிள் டை இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மவுத்பீஸைப் பிடித்துக்கொண்டு ரெகுலேட்டரை நன்றாக இழுங்கள். கொஞ்சம் நகர்ந்தாலும் அதோடு தண்ணீரில் இறங்காதீர்கள். உங்களுக்கும் இதே மாதிரி நடந்திருந்தால் எனக்கு எழுதுங்கள், புகாரோடு சேர்த்துக்கொள்கிறேன்.