நடையா, எடைப் பயிற்சியா? மாதவிடாய் நின்ற பிறகு எது எதற்கு உதவும்

மாதவிடாய் நின்ற பெண்களிடம் "தினமும் நடங்க, போதும்" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். நடங்க என்பது சரி. போதும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் இதயம். இதில் நடை எதற்கும் சளைத்ததில்லை. மாதவிடாய் நின்ற 73,743 அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியான ஆய்வில், நடந்தவர்களுக்கும் கடும் உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் இதயநோய் ஆபத்து ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைந்திருந்தது. நாளுக்கு 10,000 காலடி நடக்க முடியவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். சராசரி வயது 72 இருந்த பெண்களிடம் நடத்திய 2019 ஆய்வில், நாளுக்கு 4,400 காலடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500 காலடியைத் தாண்டிய பிறகு கூடுதல் பலன் தெரியவில்லை. மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும்கூட நடை நல்லது.

எலும்புக்கு வந்தால் கதை மாறுகிறது. மாதவிடாய் நின்று, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்த முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகத் தேய்கிறது. பழகிய சுமையை எலும்பு பொருட்படுத்தாது. புதிய, கூடுதலான சுமை விழுந்தால்தான் உறுதிப்படும். நடையோ உடலுக்கு என்றைக்கும் பழகிய சுமை. அதனால் இடுப்பெலும்புக்கு ஓரளவு உதவினாலும் முதுகெலும்புக்கு நடை மட்டும் பெரிதாக எதுவும் செய்வதில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள் பயிற்சியாளர் மேற்பார்வையில் வாரம் இருமுறை, 30 நிமிடம் கனமான எடை தூக்கினார்கள். 8 மாதத்தில் கீழ் முதுகெலும்பின் அடர்த்தி கிட்டத்தட்ட 3 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது குறைந்தது. இந்த ஆய்வைப் படித்த பிறகுதான் என் எண்ணம் மாறியது.

நீச்சல் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வரம், ஆனால் எலும்பில் சுமை விழாது. யோகா உடலின் சமநிலைக்கு நல்லது; எலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்து முன்னால் ஆழமாகக் குனியும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும்.

அப்புறம், மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரென உடல் சூடேறி வியர்ப்பது நடைப்பயிற்சியால் நின்றுவிடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நடையையே சொல்வேன். முடிந்தவர்கள் வாரத்தில் இரண்டு நாள் எடைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவதில் ஆரம்பிக்கலாம். ஏற்கெனவே எலும்பு முறிவு வந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு எடையைத் தொடுங்கள்.