முழுவதும் எழுதிக்கொடுப்பதா, காலவரையுள்ள உரிமமா?

என் வயலின் தனிவாசிப்புப் பதிவை வெளியிட முன்வந்த இரண்டு நிறுவனங்களின் ஒப்பந்த வரைவுகள் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரே வாரத்தில் கைக்கு வந்தன. ஒன்று, மொத்தமாக ஒரு தொகையைத் தந்து உரிமை முழுவதையும் எழுதி வாங்கிக்கொள்வது. மற்றது, ஏழு ஆண்டுகளுக்கு மட்டும் உரிமம் பெற்று வருவாயில் பங்கு தருவது. இரண்டாவதில் கையெழுத்திட்டேன்.

முழுவதும் எழுதிக்கொடுப்பதில் நியாயமே இல்லை என்பதல்ல. பணம் உடனே வரும். பதிவு விலைபோகாவிட்டால் நட்டம் நிறுவனத்துக்கே. ஒரு நாள் ஊதியத்துக்கு வாசித்துவிட்டுப் போகும் பக்கவாத்தியக் கலைஞருக்கு அது போதுமானதாகவே இருக்கலாம்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது காலக்கணக்கு. 1961-ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கை நிகழ்த்துகலைஞருக்குக் குறைந்தது 20 ஆண்டுப் பாதுகாப்பைக் கோரியது. 1996-இல் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின்கீழ் உருவான ஒப்பந்தம், ஒலிப்பதிவு செய்த ஆண்டின் முடிவிலிருந்து குறைந்தது 50 ஆண்டு என்றாக்கியது. கலைஞருக்கு வரமாகத் தோன்றும் இந்த நீட்டிப்பு, உரிமையை எழுதிக்கொடுத்தவரைப் பொறுத்தவரை, வாங்கியவரின் ஆட்சிக்காலத்தையே நீட்டிக்கிறது. முதல் வரைவில் ‘இனி கண்டறியப்படவுள்ள ஊடகங்கள் உட்பட’ என்றொரு வரி இருந்தது. ஒலிநாடாக் காலத்தில் அப்படிக் கையெழுத்திட்டவர்கள் இணைய ஒலிபரப்பு வந்தபோது எதை இழந்தார்கள் என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது.

உரிமத்திலும் ஒரு பொறி உண்டு. காலம் முடிந்து உரிமை திரும்பினாலும், தனித்தனித் தடங்களாக உள்ள மூல ஒலிக்கோப்புகள் நிறுவனத்திடமே தங்கிவிட்டால், மறுகலவை செய்யவோ வேறிடத்தில் தரமாக வெளியிடவோ வழியிருக்காது. ஆகவே கோப்புகளின் முழுப்படியைக் கலவை முடிந்த அன்றே தர வேண்டும் என்ற விதியைச் சேர்க்கச் சொன்னேன். பேச்சுவார்த்தையில் பாதி நேரம் அதற்கே போயிற்று. பங்குத்தொகையைக் கூட்டிக் கேட்டிருந்தால் இவ்வளவு இழுத்திருக்க மாட்டார்கள்.

பெயர் குறிப்பிடப்படும் உரிமையும், புகழுக்கு ஊறு செய்யும் சிதைவை எதிர்க்கும் உரிமையும், அந்த 1996 ஒப்பந்தத்தின்படி, பொருளாதார உரிமைகளை விற்றபின்னும் கலைஞரிடமே நிற்பவை. எனவே இவ்விரண்டு வழிகளுக்கும் அவற்றில் வேறுபாடு இல்லை.

இதுவரை வந்த பங்குத்தொகை, முதல் நிறுவனம் தருவதாகச் சொன்ன தொகையில் பாதியைக்கூட எட்டவில்லை. உரிமை திரும்பும் நாளுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருப்பதால், உரிமை திரும்பும் விதியை நான் நடைமுறையில் சோதித்துப் பார்த்ததுமில்லை. கோப்புகள் மட்டும் என் வன்தட்டில் இருக்கின்றன.