கடலூர் இலவச சட்ட உதவி: என் தம்பிக்குக் கிடைத்த வழக்கறிஞர்

கடலூர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சேவையைப் பற்றி, அதைப் பயன்படுத்திய குடும்பத்தைச் சேர்ந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

என் தாய்மாமன் இருபது ஆண்டுகளாகப் புதுச்சேரி மதுவைக் கடலூருக்குக் கடத்திப் பிழைப்பவர். வரி வேறுபாட்டால் எல்லைக்கு அந்தப் பக்கம் விலை குறைவு. தென்பெண்ணைப் பாலத்தைக் கடந்துவிட்டால் லாபம். பழைய வழக்குகள் இருப்பதால் அவர் வண்டி ஓட்டுவதில்லை. சொந்தத்தில் வழக்கில்லாத பையன்களைத்தான் அனுப்புவார். என் பள்ளிக் கட்டணத்தைக் கட்டினார், அம்மாவுக்கு அரைப் பவுனில் கம்மல் வாங்கித் தந்தார், கொடுத்த எதையும் திருப்பிக் கேட்டதில்லை. அது பாசம் என்றே நாங்கள் நம்பியிருந்தோம். பத்தொன்பது வயதான என் தம்பி ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பிடிபட்டபோது, ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதி ஒலிக்காதபடி சுற்றப்பட்டிருந்தது அம்மாவின் பழைய புடவைத் துணி.

மாமாவே வக்கீல் வைத்தார். அந்த வக்கீல் பேசியதெல்லாம் மாமாவின் பேச்சு. "மாப்பிள்ளை, உனக்கு இது முதல் கேஸ், நீயே ஒத்துக்கொண்டால் சீக்கிரம் வந்துவிடலாம்" என்று சிறைக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஜாமீன்தாரர்களையும் தாமே தருவதாக மாமா சொன்னபோதுதான், வெளியே வந்தாலும் தம்பி அவர் பிடியில்தான் இருப்பான் என்பது அம்மாவுக்குப் புரிந்தது.

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, காவலில் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு என்பதை 15100 என்ற எண்ணில் பேசித் தெரிந்துகொண்டோம். நாங்கள் மனுக் கொடுத்த பிறகு நியமிக்கப்பட்ட பெண் வழக்கறிஞர் கேப்பர் மலையில் உள்ள மத்திய சிறைக்கு நேரில் போய், தம்பியைத் தனியாகப் பார்த்தார். யார் பெயரைச் சொல்ல வேண்டும், யார் பெயரை மறைக்க வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் கேட்டு, ஒத்துக்கொண்டால் என்ன ஆகும், ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவனுக்குப் புரியும்படி விளக்கினார். தனக்காக வாதாட வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் புதிய வக்காலத்தில், சிறை அதிகாரியின் சான்றொப்பத்துடன் தம்பி கையெழுத்திட்டான். பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தராமல் நாள் கடத்தியபோது, இவர் நீதிமன்றத்திலேயே முறையிட்டு அனுமதி பெற்றார். ஜாமீனுக்கு மாமா ஏற்பாடு செய்த ஆட்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடலூர் முதுநகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரையும் அம்மாவையும் நிறுத்தினார். எங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை; நகல் செலவும் எங்கள் மேல் விழவில்லை.

குழுவின் பட்டியலில் உள்ளவர்களைத்தான் நியமிப்பார்கள் என்பதால், நமக்குத் தெரிந்த வக்கீலையே கேட்டு வாங்கிவிடலாம் என்று எண்ணிப் போக வேண்டாம். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கையில் கொண்டுபோனால் வேலை விரைவாக நடக்கும். வெளியில் இருந்து வர ஆளில்லாதவர்கள் சிறைக்குள்ளிருந்தே மனு எழுதிக் கொடுக்கலாம்.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தம்பி அம்மாவுடன் பேருந்தில் போய் வருகிறான்.