கிராங்கி அங்கிள்: ஒன்பதாம் வகுப்பில் ஆடிப் பார்த்த ஒரு விளையாட்டு

பருவநிலை மாற்றம் பாடம் எடுக்கிற ஆசிரியர்களுக்கு இந்த விளையாட்டைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். இலவசம். உருவாக்கியவர் ஜான் குக். ஆஸ்திரேலியக்காரர், கார்ட்டூன் வரைகிறவர், பொய்த் தகவல் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்கிறவர். போனிலும் ஆடலாம், பிரவுசரிலும் ஆடலாம். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது. ஆகவே ஹைடெக் லேபில் இரண்டு மூன்று பேருக்கு ஒரு கணினி என்று உட்கார வைத்தேன்.

பருவநிலை மாற்றமே பொய் என்று சாதிக்கும் சிடுமூஞ்சி மாமா ஒருவர்தான் இதில் வாத்தியார். அறிவியலை மறுப்பவர்களின் ஐந்து தந்திரங்களை அவரே சொல்லித் தருகிறார்: போலி நிபுணர், தர்க்கப் பிழை, நடக்காத எதிர்பார்ப்பு (அறிவியல் நூறு சதவீதம் உறுதி தந்தால்தான் நம்புவேன் என்பது), வேண்டியதை மட்டும் பொறுக்குவது, சதிக் கதை. அப்புறம் கேள்விகள் வரும். எந்த வாதத்தில் எந்தத் தந்திரம் என்று சரியாகச் சொன்னால் புள்ளி ஏறும். கார்ட்டூன்கள் அருமை, பின் பெஞ்சுப் பையன்கள்கூட அசையவில்லை.

ஆனால் தந்திரத்தின் பெயர் தெரிந்தால் போதாது, அதைக் கையால் செய்து பார்க்க வேண்டும். வேண்டியதை மட்டும் பொறுக்குகிற தந்திரத்தை எடுத்துக்கொண்டேன். நாசா தளத்தில் 1880-லிருந்து உலக வெப்பநிலைக் கணக்கு ஆண்டுவாரியாகக் கிடைக்கிறது. பாதி வகுப்புக்கு 1998 முதல் 2012 வரை மட்டும் கொடுத்தேன். மீதிப் பேருக்கு 1970 முதல் 2024 வரை. எல்லோரும் கிராஃப் தாளில் வரைந்தார்கள். முதல் குழுவின் தாளில் முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் சேர்த்தால் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிடும், பூமி சூடாவது நின்றுவிட்ட மாதிரி. இரண்டாவது தாளில் கோடு ஏறிக்கொண்டே போகிறது. 1998-ஐ விட 2024 அரை டிகிரிக்கும் மேல் சூடு. இரண்டையும் கரும்பலகையில் ஒட்டியதும் ஒரு பெண் எழுந்து, "மிஸ், இவங்க வேணும்னே சூடான வருஷத்துல ஆரம்பிச்சிருக்காங்க" என்றாள். அதேதான். 1998-க்கு முந்தைய ஆண்டு தொடங்கிய பெரிய எல் நினோ, அதாவது பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகிற நிகழ்வு, அந்த வருடத்தைக் கொதிக்க வைத்திருந்தது. எல் நினோ பாடத்தை அன்றைக்கு அங்கிருந்தே தொடங்கினேன்.

அந்தப் பாடம் நேராக நம் ஊருக்கு வருகிறது. 2015 எல் நினோ ஆண்டு. தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கிற எல் நினோ, நமக்கு வரும் வடகிழக்குப் பருவமழையைப் பெரும்பாலும் கூட்டிவிடும். அந்த மழைக்காலத்தில் எல் நினோவால் பெருமழை கொட்டும் என்று நாசா எச்சரிக்கிறது என ஒரு வதந்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. சென்னை வெள்ளத்தின்போது பக்கத்து வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும் கிளப்பிவிட்டார்கள், பண்ணையே மறுத்தது. முதலைக் கதையைப் பிள்ளைகள் உடனே பிடித்துவிட்டார்கள். நாசா வதந்திதான் கடினம்: எல் நினோ உண்மை, மழை உண்மை, நாசா சொன்னது மட்டும் பொய். இந்த மாதிரி உதாரணம்தான் வகுப்புக்கு வேண்டும், அதை ஆசிரியர்தான் தேடிக் கொண்டுவர வேண்டும்.

குறைகளும் உண்டு. நான் பயன்படுத்தியது ஆங்கிலப் பதிப்பு. தமிழ்வழி மாணவர்களுக்குப் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. உதாரணங்களில் மேற்கத்திய வாடை தூக்கல். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு நெருக்கடியில் இதற்கு நேரம் கிடைக்காது, ஒன்பதாம் வகுப்புதான் சரி.

எனக்குப் பெரிய கவலை வேறு. ஆடி முடித்த கையோடு பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் டுபாக்கூர் என்கிறார்கள். வானிலை மையத்தின் சிவப்பு எச்சரிக்கையையும் அப்படித் தள்ளிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் அடுத்த வகுப்பில் பொய்ச் செய்திகளோடு சரிபாதி உண்மைச் செய்திகளைக் கலந்து கொடுங்கள். ஒவ்வொன்றையும் யார் வெளியிட்டது, எந்தத் தேதி, மூல அறிக்கை வானிலை மையத் தளத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உண்மை, பொய் என்று எழுதவே விட வேண்டும்.